ஒட்டகத்தின் முறையும் மீனின் பங்கும்

கரிசல் பூமியில் வாழ்வோருக்குத் தண்ணீரின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியாகிய கோவில்பட்டிக்குக் குடிநீர், தாமிரபரணியுடன் சிற்றாறு கலக்கும் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வருகிறது. 2018இல் இரண்டாவது குழாய்த் திட்டமும் தொடங்கப்பட்டது. குடத்துடன் காத்து நின்ற தாய்மார்களின் துயர் தணிக்கும் எம்முயற்சியும் நன்மையே ஆகும்.

எனினும், அதே ஆற்றை நம்பி வேறோர் உயிரும் வாழ்கிறது. அது கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீன். 1954இல் மீனியல் அறிஞர் ஈ. ஜி. சைலஸ் அதனை அறிவுலகிற்கு அறிமுகப்படுத்தினார். ஆற்றின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய அம்மீன், தாமிரபரணிப் படுகையன்றி வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழியும் ஆபத்திலுள்ள உயிர்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளது.

மனிதன் தாகத்தால் வாடும்போது மீனுக்காக வருந்துவதா எனச் சிலர் வினவலாம். திருமறை கூறும் ஸமூது கூட்டத்தாரின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு. ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் சமுதாயத்தாருக்கு அல்லாஹ் ஒரு பெண் ஒட்டகத்தை அத்தாட்சியாக அனுப்பினான். அது பருக ஒரு நாள், மக்கள் பருக ஒரு நாள் என நீர் பங்கிடப்பட்டது. மக்கள் தாகத்தால் மடியட்டும் என்று இறைவன் கட்டளையிடவில்லை. அவர்களுக்குரிய பங்கு அவர்களுக்கு இருக்கவே செய்தது. ஆயினும் வாயற்ற ஓர் உயிரின் பங்கைப் பொறாது அதனை அவர்கள் வெட்டிக் கொன்றனர், தாமும் அழிந்தனர்.

உளூச் செய்ய வைத்திருக்கும் நீர், உடனிருக்கும் பிராணியின் தாகத்திற்குத் தேவைப்படுமாயின், அதற்கு அளித்துவிட்டுத் தயம்மும் செய்து தொழலாம் என நம் சட்ட மேதைகள் வகுத்துள்ளனர். வணக்கத்திற்குரிய நீரே வாயில்லா உயிருக்காக விட்டுக்கொடுக்கப்படுமெனில், நாம் வீணாக்கும் நீருக்கு என்ன நியாயம் உண்டு?

சகோதரர்களே! ஆற்று மீன்களின் வாழ்வைக் குலைப்பது ஏழையின் குடமன்று. மணலை வாரிய பேராசையும், கழிவுநீரைக் கலக்கவிட்ட அலட்சியமும், கோடையில் ஓட்டம் குன்றும்போதும் அளவின்றி உறிஞ்சும் போக்குமே அதனைச் செய்கின்றன. தாமிரபரணியில் மணல் அள்ள 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. நெல்லையில் கழிவுநீர் கலப்பதை 2024இல் நீதிபதிகள் நேரில் வந்து பார்வையிட்டனர்.

எனவே, மனிதனின் தாகம் தீர்க்கப்படட்டும்; ஆற்றின் ஓட்டமும் அறுபடாதிருக்கட்டும். கண்மாய்களையும் ஊருணிகளையும் தூர்வாரி மழைநீரைத் தேக்குவோமாயின், ஆற்றின் சுமை குறையும். பெருமானார் (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் ஒரு முத்து அளவு நீரிலேயே உளூச் செய்தார்கள். ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாதென ஸஃது (ரலி) அவர்களை எச்சரித்தார்கள். நம் பள்ளிவாசல் குழாயையும் வீட்டுக் குழாயையும் இறுக மூடுவதும் அந்த ஸுன்னத்தைப் பேணுவதே.

பள்ளிவாசல் ஹவுளில் நீந்தும் மீன்களுக்கு நீர் குறையாது பார்த்துக்கொள்கிறோம். ஆற்று மீனும் அதே இறைவனைத் துதிப்பதன்றோ?

பிற உயிர்களின் பங்கை அபகரிக்காத நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.