குடல் பிழைக்குமா? பத்து நிமிடத்தில் ஒரு தீர்ப்பு

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்குக் குடலோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள்.

எங்கப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். தொடை இடுக்கில் இருந்த புடைப்பை, "படுத்தா உள்ள போயிரும்டா" என்று இரண்டு வருஷம் மறைத்தார். போன வருஷம் ஒருநாள் அது உள்ளே போகவில்லை. வலி, வாந்தி, வயிறு உப்புசம். அம்மா வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். மறுநாள்தான் ஆஸ்பத்திரி போனோம். குடலிறக்கம் இறுகிவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். "தேவைப்பட்டால் குடலை வெட்டி எடுக்கலாம்" என்ற சம்மதப் படிவத்தை நான் படித்துக் காட்ட, அப்பா கைநாட்டு வைத்தார்.

எதை வைத்து வெட்டுவார்கள்? பிறகு டாக்டரிடமே கேட்டேன்.

குடல் இறுகும்போது முதலில் ரத்தம் திரும்பும் சிரை அடைபடும். குடல் வீங்கிக் கருஞ்சிவப்பாகும். பிறகு ரத்தம் வரும் தமனியும் நிற்கும். ஆபரேஷனில் இறுக்கத்தை விடுவித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் குடலைச் சுற்றி, நோயாளிக்கு ஆக்ஸிஜன் கொடுத்து, சுமார் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். நிறம் திரும்பிப் பளபளப்பு வந்ததா, தொட்டால் சுருங்கி நெளிகிறதா, குடலைத் தாங்கும் சவ்வில் நாடி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் இருந்தால் குடல் பிழைத்தது. கறுத்து, மங்கி, துவண்டு கிடந்தால் வெட்டி, இரு முனைகளையும் இணைத்துத் தைப்பார்கள். செத்த குடலை விட்டுவைத்தால் ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்து. அதிகம் வெட்டினாலோ சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. நீண்ட பகுதி சந்தேகமாக இருந்தால், 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பதும் உண்டு.

நம் துறையும் இதில் கை கொடுக்கிறது. ஃப்ளோரசீன் சாயத்தை ரத்தத்தில் செலுத்திப் புற ஊதா ஒளியில் பார்த்தால், ரத்தம் ஓடும் குடல் மஞ்சள் பச்சையாக ஒளிரும். இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் ஒளிர்வது அகச்சிவப்பில்; நம்ம டி.வி. ரிமோட் ஒளி மாதிரி அது கண்ணுக்குத் தெரியாது, கேமராதான் காட்டும்.

"தம்பி, ஒரு ஜாண் போச்சு, மிச்சம் தேறிடுச்சு" என்றார் டாக்டர். அப்பா இப்போது மூட்டை தூக்குவதில்லை. காய் தரம் பிரிக்கிறார்.

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் சுமை தூக்குபவர்கள் இருக்கிறார்கள். புடைப்பு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வலியோடு அது உள்ளே போகாமல் நின்றால், அமுக்காதீர்கள், கை வைத்தியமும் வேண்டாம். 2022 ஜனவரி 12-இல் நம்ம திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. உடனே கிளம்புங்கள். நாங்கள் ஒரு நாள் முந்தியிருந்தால் அந்த ஒரு ஜாணும் தேறியிருக்கலாம்.