வேகமானி நின்றுவிட்டால்

நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரைந்து வந்து ஊருக்குள் நுழைகையில், நம் கண் வேகத்தைக் குறைத்தே மதிக்கும். ஆதலின் வேகமானி அலங்காரப் பொருளன்று. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரை இன்றும் பேணுவோர், அதன் பழுதை வீட்டிலேயே ஆராயலாம்.

முள்ளும் தூரம் காட்டும் எண்களும் ஒருங்கே நின்றால், கியர்ப்பெட்டியிலிருந்து வரும் கேபிள் பெரும்பாலும் அறுந்திருக்கும்; அல்லது கழன்றிருக்கும். எண்கள் ஓட, முள் மட்டும் நின்றால், குற்றம் மீட்டருக்குள் உள்ளது. அங்கே சுழலும் காந்தம், தன்னைத் தொடாத அலுமினியக் கிண்ணத்தை மெல்லிய சுருள்வில்லுக்கு எதிராகத் திருப்புகிறது. அந்நுண்பணியை மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நன்று.

கேபிளை நாமே மாற்றலாம். பாட்டரி இணைப்பை நீக்கி, மீட்டரின் பின்புறத் திருகைத் தளர்த்தி, பழைய உட்கம்பியை உருவுவோம். புதியதற்கு இலேசாகக் கிரீஸ் தடவி, மேல்முனையில் சில அங்குலம் தடவாது விட்டுச் செருகுவோம். மீட்டருக்குள் கிரீஸ் ஏறினால் முள் பொய் சொல்லும்.