வளைகுடாவிலிருந்து ஒரு உறுமல்

வளைகுடா என்றால் எம்மில் பலருக்கு அண்ணனோ மாமாவோ வேலைக்குப் போன இடம். அங்கிருந்து காசு வந்தது, ரேடியோ கசெற் வந்தது. பாட்டும் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் வந்திருக்கிறது.

டுபாயில் 2000ஆம் ஆண்டு 'நேர்வ்செல்' என்றொரு இசைக்குழு தொடங்கியது. ரொக் இசையில் மிகக் கடுமையான 'டெத் மெற்றல்' இவர்களுடையது. பார்னி ரிபெய்ரோவும் ராமி முஸ்தபாவும் கிற்றார் வாசிக்க, ஜேம்ஸ் கஸால் பாஸ் கிற்றார் வாசித்தபடியே பாடுகிறார்.

பாஸ் கிற்றாருக்கு வழக்கமாக நான்கு தடித்த தந்திகள். முன்னுக்கு நிற்பது மற்றக் கிற்றார்தான். ஆனால் பாஸ் நின்றால் பாட்டே காலிழந்துவிடும். கை ட்ரம்ஸோடு போக, வாய் வேறொரு கட்டில் பாடவேண்டும். தவில்காரரை வாசித்துக்கொண்டே பாடச் சொன்னால் எப்படியிருக்கும்? அதுதான் இந்த வேலை. அந்த உறுமற் குரலும் வெறும் கத்தல் அல்ல. அடிவயிற்று மூச்சைப் பழக்காமல் உறுமினால் தொண்டை கெட்டுவிடும்.

இசையை விடக் கடினமானது அங்கே நிலைத்து நிற்பது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வாழ்வோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அங்கு பிறந்துவிட்டதால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. பெரும்பாலானோருக்கு வேலை இருந்தால்தான் விசா. வேலை போனால் பெட்டி கட்டவேண்டியதுதான். கலைஞர்களுக்கு நீண்டகால விசா என்ற பேச்சு வந்ததே 2019இல். இன்று ட்ரம்ஸ் அடிப்பவர் நாளை ஊரில் இருப்பாரோ என்று தெரியாத இடத்தில் ஒரு குழுவைக் கட்டிக்காப்பது எவ்வளவு பாடு என்பதை, விசாவுக்கும் முடிவுக் கடிதத்துக்கும் காத்திருந்த எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவர்கள் நின்று பிடித்தார்கள். 2004இல் 'ஹியூமன் கேயோஸ்' என்ற சிறு இறுவட்டு. முதலாவது முழு இறுவட்டான 'பிரீச்சிங் வெனம்' வெளிவந்தது 2008இல். அதாவது எட்டு வருடப் பொறுமை! 2004 முதல் 2009 வரை டுபாயில் நடந்த 'டெசேட் ரொக்' விழாவில், அயன் மெய்டன் போன்ற பெருங்குழுக்கள் ஏறிய மேடையில் இவர்களும் ஏறினார்கள். 2011இல் வந்த 'சைக்கோஜெனோசைட்' இறுவட்டில் அரபு மொழியிலேயே ஒரு பாடலை உறுமினார் கஸால். 2017இல் மூன்றாவது முழு இறுவட்டும் வந்தது.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இப்படியான இசையைக் கேட்கலாம். "பிள்ளை கெட்டுப் போச்சு" என்று உடனே பதறவேண்டாம். கதவைத் தட்டி, "இதில் பாஸ் எது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாட்டு உங்களுக்குப் பிடிக்காமற் போகலாம். ஆனால் பல நாட்களாகப் பேசாத பிள்ளை அன்றைக்குப் பேசக்கூடும். தமிழில் பேசினால் இன்னும் நல்லது. கஸாலும் தான் வாழ்ந்த மண்ணின் மொழியை ரொக் மேடைக்குக் கொண்டு போனவர்தானே.