கடன் பாக்கியும் கைநழுவும் வேலையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு சுற்றுவட்டாரக் கிராமங்களில் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி பஸ்கள் வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. ஷூ கம்பெனியில் அப்பர் என்னும் ஷூவின் மேல்பகுதியைத் தைத்து வாங்கும் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை, குழு லோன் தவணை, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே நடக்க வேண்டும். பிள்ளை கல்லூரிக்குப் போனால் கல்விக்கடன். படித்து முடித்ததும் வங்கித் தேர்வுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ தயாராவது. தோல் தொழிலின் ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பிக்க அரசு வேலைதான் வழி என்று நம்பும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

அந்தக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. பாரத ஸ்டேட் வங்கி 2020-ல் அதிகாரி பணிக்கு விளம்பரம் செய்தது. ஓர் இளைஞர் தேர்வில் வென்று 2021-ல் பணி நியமன ஆணையும் பெற்றார். பிறகு அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பார்த்த வங்கி, ஆணையை ரத்து செய்தது. விளம்பரம் வந்தபோதே கடன்களை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். கடனையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ கட்டத் தவறிய பதிவு உள்ளவர்களுக்குத் தகுதியில்லை என்று விளம்பரத்திலேயே சொல்லியிருக்கிறது, பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்று கூறி நீதிபதி என். மாலா அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தார்.

இதன் அடிப்படை நியாயம் எனக்குப் புரிகிறது. கடன் நெருக்கடியில் இருப்பவரிடம் பொதுப்பணத்தை ஒப்படைக்கத் தயங்குவது புதிதல்ல. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்து அதிலிருந்து விடுவிக்கப்படாதவர், எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க முடியாது என்கிறது நம் அரசமைப்புச் சட்டம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளும், ஓயாமல் கடனில் மூழ்காதபடி சொந்த விவகாரங்களை நடத்த வேண்டும் என்கின்றன.

ஆனால், சிபில் அறிக்கை எந்தக் கடனைக் காட்டுகிறது? வங்கி, நிதி நிறுவனம், மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களை மட்டும்தான். கந்து வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் அதில் ஏறாது. ஒருவரைத் தவறு செய்யத் தூண்டும் அளவுக்கு நெருக்குவது பெரும்பாலும் அந்தக் கடன்தான். மீட்டர் வட்டியில் கழுத்தளவு மூழ்கியவர் இந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறிவிடுவார். வேலை கிடைக்காததால் கல்விக்கடன் தவணையைத் தவறவிட்டவர் சிக்கிக்கொள்வார். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

கல்விக்கடனைப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஆண்டுகளும் அவைதான். அந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டியது அம்மாவின் சம்பளம். 2020 ஊரடங்கில் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. 2025-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதி ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. ஆர்டர் குறைந்தால் சம்பளம் குறைகிறது, தவணை நிற்கிறது, அந்தக் கறை பிள்ளையின் பெயரில் ஏறுகிறது. இதில் நேர்மைக்கேடு எங்கே இருக்கிறது?

2023-ல் வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ், 650 சிபில் மதிப்பெண் வேண்டும் என்று வரம்பு வைத்தது. எதிர்ப்புக்குப் பின் அந்த எண் நீக்கப்பட்டது. இருந்தாலும், பணியில் சேரும்போது கடன் வரலாறு சீராக இருக்க வேண்டும். பாதகப் பதிவு இருந்தால் திருத்த வேண்டும், இல்லையேல் பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவரிடம் சான்று வாங்கி வர வேண்டும்.

ஆகவே தேர்வு எழுதும் பிள்ளைகள் இப்போதே தங்கள் அறிக்கையைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். வங்கி அழைத்து, ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறோம், ஒரே தவணையில் முடித்துக்கொள்ளுங்கள் என்றால் யோசித்துச் சம்மதியுங்கள். அப்படி முடித்த கணக்கு ‘செட்டில்டு’ என்று பதிவாகும். முழுதாக அடைத்த கணக்கைப் போல மதிக்கப்படாது. பதிவில் பிழை இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

வங்கிகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நியமன ஆணையை ரத்து செய்யும் முன், தவணை ஏன் நின்றது என்று அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும். கல்விக்கடன் பாக்கி என்றால், முதல் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ள எழுதி வாங்கிக்கொண்டு வேலையில் சேர்க்கலாம்.