மழைக்குக் கட்டியம் கூறும் சுடலைக் குயில்

குயில் என்றவுடன் மாந்தோப்பில் மறைந்திருந்து கூவும் கரிய பறவையே நம் நினைவிற்கு வரும். அக்குலத்திலேயே உழவர்க்கு நன்மை புரியும் பிறிதொரு பறவையும் உண்டு. அதுவே சுடலைக் குயில். மழைத்துளியன்றி வேறு நீர் பருகாதென வடமொழிப் புலவர் பாடிய சாதகப் புள் இதுவே என்பர். அது கற்பனையே எனினும், மழைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மெய்யானது.

உடல் மைனா அளவினது, வால் நீண்டது. மேற்புறம் கருமை, கீழ்ப்புறம் வெண்மை. தலையில் எடுப்பான கொண்டையும், சிறகில் வெண்திட்டும், வாலிறகுகளின் நுனியில் வெண்மையும் இதனை இனங்காட்டும் அடையாளங்கள்.

வட இந்தியாவில் மே மாத இறுதியிலும் ஜூனிலும், தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டி, இது ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வருகிறது. மழைக்காலம் கழிந்தபின் மீள்கிறது. இவ்வழியை அறியும் பொருட்டு, 2020-ஆம் ஆண்டில் டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தார் இரு பறவைகளின்மீது செயற்கைக்கோள் வழித் தடமறியும் சிறு கருவிகளைப் பொருத்தினர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் வகை உருவில் சற்றுச் சிறியது. கடல் கடவாமல் இங்கேயே தங்குவது.

இப்பறவை கூடு கட்டுவதில்லை. தவிட்டுக் குருவியின் கூட்டில் தன் முட்டையை இட்டுச் செல்லும். இரண்டன் முட்டையும் நீல நிறமாதலின் குருவி வேறுபாடு உணர்வதில்லை. வேறு சில குயில்களின் குஞ்சுகளைப்போல் இதன் குஞ்சு உடனுறையும் குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை; அவற்றோடு சேர்ந்தே வளர்கிறது.

இதன் உணவே நாம் கருதத்தக்கது. பிற பறவைகள் பெரும்பாலும் தீண்டாத மயிர்ப்புழுக்களை இது விரும்பி உண்ணும். நிலக்கடலை பயிரிடுவோர் சிவப்புக் கம்பளிப்புழுவின் கொடுமையை நன்கறிவர். முதல் மழை பெய்ததும் மண்ணினுள் உறங்கிய கூட்டுப்புழுக்கள் அந்துப்பூச்சிகளாய் வெளிவரும். அவை இட்ட முட்டைகளிலிருந்து தோன்றும் புழுக்கள் இலைகளை அரித்து, வயல் விட்டு வயலுக்குப் படையெனச் செல்லும்.

ஆதலின் ஒருவர் மட்டும் தம் வயலைக் காத்துப் பயனில்லை. கோடை உழவால் கூட்டுப்புழுக்களை வெளிப்படுத்துதல், மழை பெய்த இரவுகளில் விளக்குப்பொறி வைத்தல், வயலைச் சுற்றிப் பள்ளம் தோண்டிப் புழுக்களைத் தடுத்தல் ஆகியவற்றை ஊரார் ஒன்றுகூடிச் செய்தல் வேண்டும். வேலியோரப் புதர்களையும் அழியாது காப்போமாக. தவிட்டுக் குருவிக்குக் கூடு இன்றேல் சுடலைக் குயிலுக்கும் குஞ்சு இல்லை. கண்டபடி நஞ்சு தெளிப்பின் புழுவோடு, அதனை உண்ணும் பறவைக்கும் கேடு விளையும். கூலி கேளாத இவ்வுழவுத் துணையை இழத்தல் நமக்கே நட்டமாகும்.