மழை பொய்த்தால் நட்டம் யாருக்கு?

அக்கரப்பத்தனை வழியாக ஓடும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவில் கலந்து தலவாக்கலைக்கு வருகிறது. அங்கே அணை கட்டித் திருப்பிய தண்ணீரில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை நிலையம், ஜப்பானியக் கடனில் இலங்கை அரசு கட்டியது. மழை குறைந்தாலும் கடன் ஏறினாலும் பாரம் அரசுக்கே. மலையகத்தின் சிறிய ஆறுகளில் கதை வேறு. 10 மெகாவாட்டுக்கு மேற்படாத நிலையங்களைத் தனியார் கட்டி, மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கிறார்கள்.

தோட்டங்களுக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல, சொந்த நீர்ச்சுழலியில் ஓடியவை. சபையின் கம்பி வந்ததும் அவை கைவிடப்பட்டன. வறட்சியால் நாடே மின்வெட்டில் தவித்த 1996இல், டிக்கோயாவின் சிறு நிலையம் தனியார் மின்சாரத்தைத் தேசியக் கம்பியில் சேர்த்தது. மறு ஆண்டிலிருந்து உலக வங்கிப் பணம் உள்ளூர் வங்கிகள் வழியாக நீண்டகாலக் கடனாகக் கிடைத்தது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம், முதலில் 15 ஆண்டு, பின்னர் 20. உற்பத்தியாகும் அத்தனை யூனிட்டையும் சபை வாங்க வேண்டும். ஆறு வற்றினால் ஒரு சதமும் தர வேண்டியதில்லை. மழையின் ஆபத்து கட்டியவருக்கு. எண்ணெயில் ஓடும் தனியார் நிலையங்களுக்கோ, இயந்திரம் சும்மா நின்றாலும் கட்டணம் உண்டு. எரிபொருள் விலையும் டாலர் ஏற்றமும் சபையின் தலையில் விழும். இரண்டில் சிறு நிலையங்களின் ஒப்பந்தமே நியாயமானது.

ஆனால் வாங்குபவர் ஒருவரே. 2022இல் ஒரு டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐ நெருங்கியபோது, சபை தர வேண்டிய பணம் மாதக்கணக்கில் நிலுவையாக நின்றது. வங்கித் தவணை நிற்கவில்லை. வாங்குபவரால் கொடுக்க முடியாவிட்டால் உத்தரவாதமும் காப்பாற்றாது: இந்தியாவில், மகாராஷ்டிரத்தின் தபோல் தனியார் மின் நிலையத்துக்கு மாநில அரசும் மத்திய அரசும் உத்தரவாதம் கொடுத்திருந்தன. மாநில மின்வாரியத்தால் அந்த விலையைக் கொடுக்க முடியாமல் போக, 2001இல் அது மூடப்பட்டது.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர்களும் ஓர் ஆபத்தைச் சுமக்கிறார்கள். தடுப்பணையில் திருப்பிய தண்ணீர் குழாய் வழியே மின் நிலையத்துக்கு இறங்க, இடையில் உள்ள ஆறு மெலிகிறது. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளருக்கு அதில் உரிமையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆற்றுக்குக் குறைந்த அளவு தண்ணீராவது விட வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. ஜனவரி முதல் மார்ச் வரை நீளும் வெயில் மாதங்களில் அது உண்மையில் விடப்படுகிறதா என்பதை, அந்த ஆற்றில் குளித்துத் துணி துவைப்பவர்கள்தான் முதலில் அறிவார்கள். அணைக்கட்டில் ஓர் அளவுகோல் நட்டு, அதைப் பார்த்து முறையிடும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப் பெரிய செலவு ஆகாது.