குளிர் வீட்டுக்கு நுரைச் சுவர்

மினசோட்டாவில் பழைய மொபைல் ஹோம் ஒன்றில் குடியேறியிருக்கும் வாசகர் கேட்கிறார்: சுவரின் உள்பக்கம் நுரைப் பலகை ஒட்டினால் குளிர் குறையுமா? நிச்சயம் குறையும். ஆனால் ஒட்டுகிற விதத்தில்தான் சுவரின் ஆயுள் இருக்கிறது.

தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்துவந்து நிறுத்தும் இவ்வகை வீடுகளுக்கு அமெரிக்காவில் தேசியத் தரவிதி 1976 ஜூன் 15 அன்றுதான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய வீடுகள் பலவற்றின் சுவரில் மெல்லிய கண்ணாடியிழைப் பஞ்சுதான் இருக்கும்.

வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் திறனை அங்கே ‘ஆர்’ மதிப்பால் அளக்கிறார்கள். ஓர் அங்குலத் தெர்மோகோலுக்கு அது சுமார் 4. நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் வரும் எக்ஸ்.பி.எஸ். பலகைக்கு 5. பாலிஐசோவுக்கு ஏறக்குறைய 6. என்னை வியக்கவைப்பது இந்தப் பாலிஐசோதான். அதன் நுண்ணறைகளில் அடைபட்டிருக்கும் பென்டேன் வாயு கடுங்குளிரில் திரவமாகத் தொடங்குகிறது. தடுக்கும் திறன் சரிகிறது. குளிருக்கென்று வாங்கிய பொருள் குளிரிலேயே தளர்ந்துபோகிறது! தெர்மோகோலுக்கோ குளிரில் திறன் கூடும். சுவரின் வெளிப்புறம் ஒட்டினால் பாலிஐசோவுக்கு இந்தச் சங்கடம் அதிகம். அறையின் சூடு படும் உள்பக்கத்தில் அது தன் திறனைப் பெரிதும் காப்பாற்றிக்கொள்கிறது.

அடுத்தது ஈரம். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து வீட்டுக்காற்றில் நீராவியை நிரப்புகின்றன. உள்ளே நுரை ஒட்டியபின் பழைய சுவர் முன்னைவிடக் குளிர்ந்துவிடும். இடுக்கு வழியே நுழையும் நீராவி, ஐஸ் மோர் ஊற்றிய டம்ளர் வியர்ப்பதுபோல அங்கே நீராகிறது. வெளித்தகடு உலோகம் என்றால் அந்த நீர் காய வழியில்லை, கட்டைகள் உளுத்துப்போகும். ஆகவே பலகைகளின் மூட்டுகளில் நாடா ஒட்டுங்கள். சுவிட்சுப் பெட்டிகளைச் சுற்றி அடையுங்கள். குளியலறை, சமையலறைக் காற்றை வெளியேற்ற விசிறியும் வேண்டும்.

நுரையைத் திறந்தபடி விடுவது உயிரோடு விளையாடுவது. தீப்பிடித்தால் அது கரும்புகை கக்கி வேகமாக எரியும். அரை அங்குல ஜிப்சம் பலகையால் மூடியே தீரவேண்டும். செலவை மிச்சம்பிடிக்க இதைத் தள்ளிப்போடுபவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. உள்ளே உறங்குவது பிள்ளைகள்.

பலகை வாங்குமுன் தரைக்கடியில் பாருங்கள். சூடான காற்றுக்குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன; குழாயோ அடித்தாளோ கிழிந்திருந்தால் சூடு வெளியே போய்விடும். வருமானம் குறைவென்றால், 1976 முதல் நடக்கும் மத்திய அரசின் வீட்டுக் குளிர்காப்பு உதவித்திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். மொபைல் ஹோமுக்கும் அது உண்டு.